இரண்டாவது ஆமை

"ஒத்தையா இருக்கே, பாவம். துணைக்கு இன்னொண்ணு வாங்கி விடலாமா?"

சுல்கேட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமையை வளர்க்கும் வீட்டில் இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ இந்தப் பேச்சு தவறாமல் வரும். பதில் ஒரே சொல்: வேண்டாம். ஆடும் கோழியும் கூட்டமாக வாழ்ந்து பழகியவை. ஒத்தையாக விட்டால் ஏங்கும். சுல்கேட்டா அப்படியில்லை. தன் வளையில் தனியாகக் கிடக்கும், தன் தடத்தில் தனியாக மேயும், இணை சேர மட்டும் இன்னொன்றைத் தேடிப் போகும். தனிமை அதற்குத் தண்டனை இல்லை. நாம் இரக்கப்பட்டு வாங்கிவிடும் இரண்டாவது ஆமைதான் பெரும்பாலும் தண்டனையாக வந்து முடியும்.

ஆனாலும் ஒன்றுக்கு மேல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தை எடுத்துக்கொண்டால், கொல்லைப்புறத்தில் இரண்டு, மூன்று என்று நடமாடும் வீடுகள் ஏராளம். சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் சிலருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போகும்போது இலவசமாகக் கையில் கொடுத்துவிட்டுப் போனதாகவும் இருக்கும். வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கான கட்டுரை இது.

முதலில் அளவைப் பற்றி. குஞ்சு பொரிக்கும்போது 5 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். ஆண் சாதாரணமாக 45, 50 கிலோவுக்குப் போகும். 90 கிலோவைத் தாண்டியவையும் உண்டு. ஓட்டின் நீளம் 70, 80 சென்டிமீட்டர். பெண் கொஞ்சம் சின்னது. ஆல்டாப்ரா, கலபகோஸ் தீவு ஆமைகளை விட்டால் உலகிலேயே பெரிய நில ஆமை இதுதான். செனகல், மாலி, நைஜர், சாட், சூடான் என்று சஹாராவின் தெற்கு ஓரம் நெடுக அதன் சொந்த பூமி. அங்கே அருகிக்கொண்டிருக்கிறது. காட்டில் பிடித்து விற்பதற்கான ஏற்றுமதி அளவை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2000-ஆம் ஆண்டிலேயே பூஜ்யம் ஆக்கிவிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவும் இறக்குமதியைத் தடுத்தது, வேறு காரணத்துக்காக: இந்த ஆமைகளின் உடம்பில் வரும் உண்ணி, மாடுகளுக்கு ஹார்ட்வாட்டர் என்ற நோயைக் கொண்டுவரும். ஆனால் அதற்குள் உள்ளூரிலேயே குஞ்சுகள் பெருகிவிட்டன. இன்றைக்கு ஃபீனிக்ஸில் சுல்கேட்டா கிடைப்பது கஷ்டமில்லை. வேண்டாம் என்று விட இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஒட்டிப் படுத்தால் பாசமா?

இரண்டு ஆமை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குவதைப் படம் எடுத்துப் போடுவார்கள். பார்க்க அழகுதான். அங்கே நடப்பது இடப் போட்டி. கதகதப்பான மூலை ஒன்றே ஒன்று. இரண்டுக்கும் அது வேண்டும். பலமானது மேலே ஏறிக்கொள்கிறது. மற்றது அடியில் கிடக்கிறது, ஏனென்றால் போக வேறு இடம் இல்லை.

ஆமையின் அடாவடி சத்தமில்லாதது. கடியும் முட்டும் பிறகுதான் வரும். அதற்கு மாதக்கணக்கில் முன்பே ஆரம்பித்துவிடும். ஒன்று நடந்தால் மற்றது பின்னாலேயே நடக்கும். ஒன்று தீனியில் வாய் வைத்தால் மற்றது வந்து அந்தக் குவியலின்மேலேயே உட்காரும். வெயில் காயும் இடத்தில் எதிரே போய் முகத்துக்கு நேர் நிற்கும். அடங்கிப்போகும் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். சாது என்று நினைத்துக்கொள்வோம். மற்றது வளைக்குள் போன பிறகே அது வெளியே வந்து மேயும். இரண்டு குஞ்சுகளைச் சேர்ந்தாற்போல் வாங்கி, ஒரு வருடத்தில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு வளர்ந்திருந்தால், "இது நல்ல வளர்த்தி, அது நோஞ்சான்" என்று விட்டுவிடக் கூடாது. சின்னதைத் தனியே பிரித்து விட்டுப் பாருங்கள். பல நேரம் சில வாரங்களிலேயே எடை ஏறத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் மோசம் ஜோடி. இரண்டே இரண்டு ஆமை இருந்தால் ஒன்றின் மொத்தக் கவனமும் மற்றதன் மேல்தான், இரவும் பகலும். ஆண், பெண் ஜோடியாக இருந்தாலும் இதே கதை. பெண்ணை ஆண் ஓயாமல் விரட்டி மேலே ஏறும். 50 கிலோ அடிக்கடி ஏறி இறங்கினால் பெண்ணின் ஓட்டுப் பின்விளிம்பு தேய்ந்து, தோல் உரிந்து, வால் பக்கம் புண்ணாகும். சேர்த்து வளர்த்தே ஆக வேண்டும் என்றால் ஓர் ஆணுக்குக் குறைந்தது மூன்று பெண். அல்லது எல்லாமே பெண். ஒரே வேலிக்குள் இரண்டு ஆண் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. கூடப் பொரித்த சகோதரர்கள், பத்து வருடமாகச் சண்டையே இல்லை என்பார்கள்; பருவம் வரும் வரைக்கும்தான் அந்தச் சமாதானம்.

சிக்கல் என்னவென்றால், வாங்கும்போது எது ஆண், எது பெண் என்று சொல்லவே முடியாது. ஓடு 35 சென்டிமீட்டரைத் தொடும்போதுதான் அடையாளம் தெளிவாகும். ஆணுக்கு வயிற்றுப் பக்கத்து ஓடு குழிந்திருக்கும், பெண்ணுக்கு ஏறக்குறைய தட்டை. வாலடியில் இருக்கும் இரண்டு தகடுகள் ஆணிடம் அகல விரிந்து நிற்கும், பெண்ணிடம் ஒடுங்கியிருக்கும். கழுத்துக்குக் கீழே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புபோன்ற பகுதி ஆணுக்கு நீளமாகவும் தடிப்பாகவும் வளரும். விற்பவர் "ரெண்டும் பெண்" என்று 8 சென்டிமீட்டர் குஞ்சைக் காட்டிச் சொன்னால், அவர் ஊகிக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கொம்பின் வேலை சண்டையில்தான் தெரியும். இரண்டு ஆண்கள் எதிரெதிரே நின்று தலையை மேலும் கீழும் ஆட்டும். புஸ்ஸென்று மூச்சு விடும். ஒன்று நாலு கால்களையும் ஊன்றி உடம்பை உயர்த்தி, சட்டென்று முன்னால் பாய்ந்து மோதும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று அடித்தது மாதிரி சத்தம் கேட்கும். பிறகு பக்கவாட்டில் வந்து எதிரியின் ஓட்டு விளிம்புக்குக் கீழே கொம்பைக் கொடுத்து, நெம்புகோல் போட்டுத் தூக்குவதுபோல் தூக்கும். எதிரி மல்லாந்து விழும். அதோடு சண்டை முடிந்தது; வென்றது மேயப் போய்விடும். விழுந்ததற்கு ஆபத்து அப்போதுதான் ஆரம்பம். ஆமையின் நுரையீரல் மேலோட்டின் உட்புறம் ஒட்டினாற்போல் இருக்கிறது. மல்லாந்தால் ஈரலும் குடலும் அதன்மேல் அமுங்கும், மூச்சு வாங்கும். அதோடு ஃபீனிக்ஸ் வெயில். 2023-இல் அங்கே தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. அந்த மாதிரி நாளில் மல்லாந்து கிடக்கும் ஆமையை, சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து நிமிர்த்தலாம் என்றால் நடக்காது. வெயில் நாளில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று தடவை தலைகளை எண்ணியாக வேண்டும். நிமிர்த்தும்போது சட்டென்று புரட்டாமல், பக்கவாட்டில் மெதுவாக உருட்டி நிமிர்த்தி, நிழலுக்குக் கொண்டுபோங்கள்.

இடமும் சுவரும்

ஒரு வளர்ந்த சுல்கேட்டாவுக்கு 1000 சதுர அடிக்குக் குறைந்த இடத்தை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நம்மூர்க் கணக்கில் இரண்டேகால் சென்ட். ஓர் ஆண், மூன்று பெண் என்றால் 4000 சதுர அடி, அதாவது ஒன்பது சென்ட்டுக்கு மேல். இது கறாரான கணக்கு என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பெண்களின் ஓட்டு விளிம்பைப் பார்த்தால் இடம் போதுமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பரப்பளவைவிட முக்கியம், ஒன்றின் பார்வையிலிருந்து மற்றது மறைய வழி இருப்பது. வெட்டவெளியான 4000 சதுர அடியில் ஆண் எங்கிருந்தாலும் பெண்களைப் பார்க்கிறது, போகிறது. நடுவே மண்மேடு, பெரிய பாறை, அடர்ந்த செம்பருத்திப் புதர், மூன்றடி உயரத்தில் குறுக்குச் சுவர் என்று போட்டு வைத்தால், பத்தடி நடந்ததும் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். ஆமைக்குக் கண்ணில் படாதது துரத்தத் தகுந்ததில்லை. ஒரு விதி: எந்த மறைவுக்கும் இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்த சந்து, துரத்தப்படும் ஆமைக்குப் பொறி.

வேலிக்குக் கம்பி வலை ஆகாது. வெளியே தெரிகிறதே, போகலாம் என்று அது நாள் முழுக்க முட்டும்; கால் சிக்கும், கம்பி பிதுங்கும், ஒருநாள் ஆமை தெருவில் நடந்துகொண்டிருக்கும். மரப்பலகை வேலியில் இருக்கும் இடுக்குக்கும் இதே கதிதான். ஒளி ஊடுருவாத சுவர் இருந்தால் அதைத் தாண்டி உலகம் இருப்பதே அதற்குத் தோன்றாது. எட்டு அங்குல உயரமும் பதினாறு அங்குல நீளமும் உள்ள ஹாலோ பிளாக் கற்கள்தான் எனக்குத் தெரிந்து நம்பகமானவை. தரைக்கு மேல் மூன்று வரிசை, கீழே ஒரு வரிசை. 30-க்கு 35 அடி உள்ள அடைப்புக்குச் சுற்றளவு 130 அடி. ஒரு வரிசைக்கு 98 கல், நாலு வரிசைக்கு 392, உடைசல் சேர்த்து 410 வாங்கலாம். நாலு அடிக்கு ஒரு கம்பி, அதாவது 33 கம்பி, இறக்கி அந்தத் துளைகளில் கான்கிரீட் நிரப்ப வேண்டும். சிமென்ட் போடாமல் அடுக்கி மட்டும் வைத்த கல்லை ஓர் ஆண் ஆமை அரைமணி நேரத்தில் பிரித்துவிடும். ஓடு 60 சென்டிமீட்டரைத் தாண்டிய ஆண் இருந்தால் மேலே நாலாவது வரிசையும் வேண்டும், மூலையில் முன்கால்களைப் போட்டு எழும்பிவிடும்.

தப்பிப் போனவற்றில் பெரும்பாலானவை போனது கதவு வழியாகத்தான். கதவும் பலகையாக இருக்கட்டும், கம்பியாக வேண்டாம். கதவுக்குக் கீழே தரையோடு கான்கிரீட் படி ஒன்று. உட்புறமாகத் திறக்கும்படி மாட்டினால், ஆமை தள்ளத் தள்ளக் கதவு சட்டத்தில் இறுகுமே தவிரத் திறக்காது. நீச்சல் குளம் உள்ள வீடு என்றால் அதற்குத் தனிச் சுவர் கட்டாயம். சுல்கேட்டாவுக்கு நீந்தத் தெரியாது, கல் மாதிரி மூழ்கும்.

இரவுக்கு வீடு

சுல்கேட்டா குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் ரகம் இல்லை. அரிசோனாவின் பாலைவன ஆமை மாதக்கணக்கில் தூங்கிவிடும். அதைப் பார்த்து இதையும் விட்டால் சளிக் காய்ச்சலில் போய்விடும். ஃபீனிக்ஸில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 5 டிகிரிக்கு வரும், சில இரவு உறைநிலையைத் தொடும். ஆகவே சூடான அறை வேண்டும்.

ஆளுக்கு ஓர் அறை என்பது என் பிடிவாதம். நாலுக்கும் சேர்த்து ஒரு பெரிய கொட்டகை கட்டினால், பகலில் விலகியிருந்த சண்டை இரவில் கதவடைத்த அறைக்குள் தொடரும். ஒவ்வொன்றுக்கும் உள்ளளவு நாலடிக்கு நாலடி, உயரம் இரண்டடி. வெளிப்புறம் அரை அங்குல பிளைவுட், நடுவே இரண்டு அங்குல ஃபோம் பலகை, உட்புறம் மறுபடி பிளைவுட். உட்புறப் பலகை இல்லாமல் விட்டால் ஃபோமைக் கடித்துத் தின்னும், குடல் அடைத்துக்கொள்ளும். கூரை கீல் போட்டு மேலே திறக்கும்படி இருக்கட்டும். 50 கிலோ ஆமையைக் கதவு வழியாகக் கை விட்டு இழுக்க முடியாது. வாசல் இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். குளிர்பதனக் கிடங்குகளில் தொங்குமே, தடித்த பிளாஸ்டிக் பட்டைத் திரை, அதை மாட்டினால் ஆமை தானே தள்ளிக்கொண்டு போகும், சூடு வெளியேறாது.

சூட்டுக்கு விளக்கு வேண்டாம். தலைக்கு மேல் தொங்கும் சூட்டு விளக்கு குஞ்சுக்குச் சரி. பெரிய ஆமையின் முதுகு உச்சி விளக்குக்கு ஓர் அடி தூரத்தில் வந்துவிடும்; உச்சி மட்டும் வெந்துபோகும், காலோ குளிர்ந்தபடி இருக்கும், குளிருதே என்று அது நகராமல் அங்கேயே கிடக்கும். ஓடு எலும்பு, வெந்தது தெரிய வாரங்கள் ஆகும். எண்ணெய் நிரப்பிய சின்ன அறை ஹீட்டரை ஒரு மூலையில் வைத்து, முன்னால் பலகைத் தடுப்பு போட்டு, தெர்மோஸ்டாட்டை 27 டிகிரிக்கு வைப்பது எளிய வழி. அறை முழுக்க ஒரே சூடு இருக்கும். கூரையில் கதிர்வீச்சுப் பலகையும் தரையில் பண்ணைகளில் பன்றிக்குட்டிக்குப் போடும் சூட்டுப் பாயும் சேர்த்துப் போடுபவர்களும் உண்டு. அதுவும் நன்றாக வேலை செய்யும். ஒயர் எல்லாம் குழாய்க்குள் போக வேண்டும், இல்லையென்றால் காலில் சிக்கும். மின் இணைப்பு ஜிஎஃப்சிஐ வகையாக இருக்கட்டும், கசிவு வந்தால் தானே துண்டிக்கும். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வெப்பமானி ஒவ்வோர் அறைக்கும் ஒன்று. தெர்மோஸ்டாட் ஒருநாள் பழுதாகும். அன்றைக்கு நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

குஞ்சுகளைப் பற்றி ஒரு சொல். அவற்றைப் பெரியவற்றோடு விடவே கூடாது, மிதிபட்டுப் போகும். பாலைவனப் பிராணி என்று காய்ந்த பெட்டியில் வளர்ப்பதும் தப்பு. ஓட்டில் ஒவ்வொரு தகடும் கோபுரம் கோபுரமாக எழும்புவதற்குப் புரதம்தான் காரணம் என்று வெகுநாள் நம்பினார்கள். வியன்னாவில் சுல்கேட்டா குஞ்சுகளை வைத்துச் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, ஈரப்பதக் குறைவுதான் பெரிய காரணம், புரதத்தின் பங்கு சிறிது என்று காட்டியது. காட்டில் குஞ்சு தன் நேரத்தில் பெரும்பகுதியை ஈரமான வளைக்குள் கழிக்கிறது, யோசித்தால் பொருந்துகிறது.

ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது நம்மூர்ப் பழமொழி. சுல்கேட்டா விஷயத்தில் அது கட்டட இன்ஜினியர் சொன்ன மாதிரி இருக்கிறது. அஸ்திவாரத்தை ஒட்டி வளை தோண்டினால் வீட்டுக்கு அடியில் போய்விடும். பத்து மீட்டர் நீளத்தைத் தாண்டிய வளைகளும் உண்டு. ஃபீனிக்ஸ் மண்ணுக்கு அடியில் கலிச்சே என்ற சுண்ணாம்புக் கெட்டிப்பாறை இருக்கிறது, கடப்பாரையே திரும்பும். அதற்கும் இது சளைப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகும்.

தோண்டாதே என்று தடுக்க முடியாது. எங்கே தோண்டுவது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். வீட்டுச் சுவரிலிருந்தும் குளத்திலிருந்தும் 15 அடியாவது தள்ளி, மேடான இடத்தில், ஆமையின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, சரிவாக இரண்டடி ஆழத்துக்கு நாமே பள்ளம் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் அதிலேயே தொடரும். வீட்டை ஒட்டிய ஓரத்தில் நடைபாதைக் கல் பதித்துவிட்டால் அங்கே முயற்சி செய்யாது. ஆமைக்கு ஒரு வளை, கூட ஒன்று உபரி. மூன்று ஆமைக்கு நாலு. ஒரே வளைக்குள் இரண்டு ஆமை எதிர்ப்பட்டால் திரும்ப இடம் இருக்காது. உள்ளே இருப்பது வெளியே வர முடியாமல் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும்.

வளை கெடுதல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 45 டிகிரி வெயிலில் எந்த நிழலும் வளைக்கு ஈடாகாது. பயப்பட வேண்டியது மழைக்கு. ஜூலை முதல் செப்டம்பர் வரை அரிசோனாவில் பருவமழை. திடீரென்று ஒரு மணி நேரம் கொட்டும், மண் இளகி வளைக் கூரை சரியும், அல்லது தண்ணீர் சரிந்து உள்ளே நிரம்பும். வளை வாயைச் சுற்றி எட்டு அங்குல உயரத்துக்கு வரப்பு கட்டி, தண்ணீர் வேறு பக்கம் ஓட வாய்க்கால் விடுங்கள். வளைக்கு மேலே பாரம் ஏற்றாதீர்கள், லாரி, டிராக்டர் மட்டுமில்லை, புல் வெட்டும் இயந்திரமும் கூடாது. இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் வளைகளைக் கல் பலகை வைத்து மூடிவிட்டு, எல்லாவற்றையும் அறைக்குப் பழக்க வேண்டும். மூடும் முன் தலையை எண்ணுங்கள். எண்ணிவிட்டு இன்னொரு தடவையும் எண்ணுங்கள்.

வராமல் அடம்பிடிக்கும் ஆமையைத் தோண்டி எடுக்க முனைந்தால் கூரை சரியும். சாயங்காலம் வளை வாயில் தண்ணீர் தெளித்து, செம்பருத்திப் பூவைப் போட்டுக் காத்திருப்பதே மேல். தூக்குவதென்றால் இருவர், முன்னும் பின்னும். விரலைக் காலுக்கும் ஓட்டுக்கும் நடுவே வைத்தால் காலை இழுத்துக்கொள்ளும்போது நசுங்கும்.

தீனி

புல். மீண்டும் புல். தீனியில் பத்தில் எட்டரை, ஒன்பது பங்கு பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும்தான். அங்கே பெர்முடா ஹே என்று குதிரைக்கு விற்கும் கட்டு வேறொன்றுமில்லை, காய்ந்த அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துவது ஆமைக்கும் ஆகும். குதிரைமசால் புரதமும் சுண்ணாம்பும் மிகுந்தது, எப்போதாவது கைப்பிடி போதும். முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளி, மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும், திராட்சை இலை எல்லாம் நல்லவை. பழம் வயிற்றில் புளித்துப் பேதியாகும். நாய்த் தீனி போட்டால் சீக்கிரம் எடை ஏறும், சிறுநீரகம் கெடும்.

ஆமைகள் எத்தனையோ அதைவிட ஒரு குவியல் கூடுதலாக, பத்துப் பன்னிரண்டடி இடைவெளியில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி போடுங்கள். தண்ணீருக்கும் அப்படியே. தரையோடு பதித்த, சரிவான சிமென்ட் தொட்டி இரண்டு, ஆழம் நாலு அங்குலம். உள்ளே இறங்கி நின்று குடித்துவிட்டு அதிலேயே கழித்துவிட்டுப் போகும். தினமும் மாற்றியாக வேண்டும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்ப் பையில் கல் வைக்கும், அறுவைச் சிகிச்சை வரை போகும்.

ஃபீனிக்ஸில் பார்க்கும் வேலி எல்லாம் அரளி. அழகாக இருக்கும், வெயில் தாங்கும், இலை ஒவ்வொன்றும் விஷம். பக்கத்து வீட்டு அரளி இலை காற்றில் வந்து விழுந்தாலும் பொறுக்கியாக வேண்டும். உன்னிச்செடியும் ஈச்சம்பனை போலிருக்கும் சைக்காஸும் அடைப்புக்குள் ஆகாது. பிளாஸ்டிக் துண்டு, ஆணி, கலர் கூழாங்கல் என்று எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் பிராணி இது.

நோய், முட்டை, பிரிப்பது

புதிதாக வரும் ஆமை நேராகக் கூட்டத்துக்குள் போகக் கூடாது. ஆறு மாதம் தனி இடம், தனித் தொட்டி, தனி மண்வெட்டி. மூக்கில் நீர், மூச்சு விடும்போது குமிழி வருகிறதா பாருங்கள். மைக்கோபிளாஸ்மாவும் ஹெர்பிஸ் கிருமியும் சில ஆமைகளில் வெளியே தெரியாமல் தங்கியிருக்கும். மலத்தை வருடத்துக்கு இரண்டு தடவை சோதனைக்குக் கொடுங்கள். புழுவுக்கு மருந்து கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவது மட்டும். ஆடு மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். இதைத் தெரியாமல் கை வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேறு இன ஆமையைச் சேர்த்து விடுவதும் கூடாது. குறிப்பாக அரிசோனாவின் சொந்தப் பாலைவன ஆமையோடு. ஒன்றுக்கு ஒன்றும் செய்யாத கிருமி மற்றதைப் படுக்கவைக்கும். வளர்க்க முடியவில்லை என்று சுல்கேட்டாவைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விடுவதில் இருக்கும் ஆபத்தும் அதுவே. ஸ்காட்ஸ்டேலில் இருக்கும் ஃபீனிக்ஸ் ஹெர்பெடாலஜிக்கல் சாங்சுவரி போன்ற காப்பகங்களில் பேசிப் பாருங்கள். இடம் இல்லை என்றால் காத்திருக்கச் சொல்வார்கள், காத்திருங்கள்.

பெண் இருந்தால் முட்டை இருக்கும். ஒரு தடவைக்கு 15 முதல் 30 வரை, ஒரே பருவத்தில் பல தடவை. குழி பறிக்க இளகிய ஆழமான மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கிவிடும். தோண்டுகிறது, பாதியில் விடுகிறது, வேறிடம் போகிறது, சாப்பிடவில்லை, பின்னங்கால் இழுக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நேரம். இட்ட முட்டையைப் பொரிக்க விடாதீர்கள். அன்றோ மறுநாளோ எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம். முப்பது குஞ்சுக்கு வீடு தேட உங்களால் முடியாது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சுல்கேட்டா அயல்நாட்டு இனம்; 2022-இல் திருத்திய சட்டப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ரசீது இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே இரண்டு இருந்து, ஒன்று ஒடுங்கிப் போயிருந்தால் நாளைக்கே நடுவில் சுவர் எழுப்புங்கள். கல் வரும் வரைக்கும் தடித்த பிளைவுட்டை முளையடித்து நிறுத்தினாலும் போதும், ஒன்றையொன்று பார்க்க முடியாமல் இருந்தால் சரி. தீனி, தண்ணீர், வளை, அறை எல்லாம் இரண்டு பக்கமும் தனித்தனி. ஆண் முதலில் சில நாள் சுவரோரமாக மேலும் கீழும் நடந்து தடம் போடும், விட்டுவிடுங்கள். ஒடுங்கியிருந்ததைப் பிரித்த அன்றே எடை போட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு மாதம் ஒரு தடவை அதே தராசில், தண்ணீர் குடிக்கும் முன், காலையில். இரண்டு மாதம் எடை ஏறவில்லை என்றால் காரணம் துணை மட்டுமில்லை, மருத்துவரிடம் போங்கள்.